கைமாத்து

எங்கள் நாலு பேருக்கும் ஊர்ப் பெயர்தான் கூப்பிடும் பெயர். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் வைத்தது, இருபது வருஷம் தாண்டியும் மாறவில்லை. குடியாத்தத்தான் லுங்கி வியாபாரம். ஆம்பூரான் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ராணிப்பேட்டையான் ரெண்டு லாரி வைத்திருக்கிறான். நான் காட்பாடியான், வேலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதுகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன் ஏன் கணக்கெழுதுகிறான் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை.

2024 பிப்ரவரியில் நாலு பேரும் கோவா போனோம். வீட்டில் சொன்னது பீச், சர்ச். போனது மாண்டவி ஆற்றில் நங்கூரம் போட்டு நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றுக்கு. ஒரே ராத்திரிதான். அந்த ராத்திரியின் கணக்கு இன்னும் முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். போக நினைக்கிறவர்களுக்கு நடுநடுவே உபயோகமான சங்கதிகளும் இருக்கும்.

சூதாட்டம் எங்களுக்குப் புதுசு ஒன்றும் இல்லை. தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் மூணு சீட்டு ஆடாத தெரு எங்கள் பக்கம் குறைவு. தை பிறந்தால் கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கமெல்லாம் காளை விடும் விழா. குறிப்பிட்ட தூரத்தை எத்தனை செகண்டில் ஓடுகிறது என்பதுதான் போட்டி. எந்த மாடு முந்தும் என்று தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று ஐம்பது நூறு கட்டுகிற ஆட்களை நான் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கப்பா லாட்டரிக்காரர். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது எங்கம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தார். பீரோவின் அடித்தட்டில் ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக் கட்டுகள் அதற்கப்புறமும் ரொம்ப நாள் கிடந்தன. எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "இருக்கட்டும்டா, கணக்குக்கு" என்பார்.

காலை மூணு மணிக்கு ராணிப்பேட்டையானின் காரில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர், தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, தார்வாட். அங்கிருந்து ராம்நகர் வழியாக அன்மோட் மலைப்பாதையில் இறங்கி, மொல்லம், போண்டா, பனாஜி. ஏறக்குறைய 800 கிலோமீட்டர். கார் ஓட்டிப் போகிறவர்கள் அன்மோட் இறக்கத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வளைவுகளில் சரக்கு லாரிகள் வரும், ராத்திரியில் ஒன்றும் பிடிபடாது. லாரி வைத்திருக்கிறவனே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் தாண்டி இட்லி சாப்பிடும்போது ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஆளுக்கொரு வரம்பு. குடியாத்தத்தான் 20,000, ஆம்பூரான் 10,000, நான் 5,000. ராணிப்பேட்டையான் பூஜ்யம். "நான் சாப்பிடத்தான் வரேன், என்னை இதுல இழுக்காதீங்க" என்றான். எல்லாம் என் பாக்கெட் நோட்டில் எழுதி, ஆளாளுக்குக் கையெழுத்துகூடப் போட்டோம், விளையாட்டாக. ஒரே ஒரு விஷயம் எழுதாமல் விட்டோம். ஒருத்தன் வரம்பு தீர்ந்துவிட்டால் இன்னொருத்தனிடம் கைமாத்து கேட்கலாமா, கூடாதா? அது யாருக்கும் தோன்றவே இல்லை. இருபது வருஷத்தில் நாங்கள் ஒருத்தனுக்கொருத்தன் கொடுத்து வாங்காத நாள் ஏது?

வியாழக்கிழமை ராத்திரி என்பதால் நுழைவுக் கட்டணம் தலைக்கு 3,000. வெள்ளி, சனி என்றால் கூடும். அதில் சாப்பாடு, குடி, மேடைக் கச்சேரி எல்லாம் அடக்கம், கொஞ்சம் விளையாட்டுக் கூப்பனும் தருவார்கள். அந்தக் கூப்பனைக் காசாக மாற்ற முடியாது. மேஜையில் வைத்து ஜெயித்தால் ஜெயித்தது மட்டும் உங்களுடையது. அடையாள அட்டை கட்டாயம், 21 வயசு ஆகியிருக்க வேண்டும். அரை டிராயரும் செருப்புமாகப் போனால் படகுத்துறையிலேயே நிறுத்துவார்கள். ஆம்பூரான் புது லெதர் செருப்பில் வந்து, திரும்பக் காருக்கு ஓடி ஷூ மாட்டிக்கொண்டு வந்தான். ஷூ கம்பெனிக்காரனுக்கு வந்த சோதனை. கரையிலிருந்து சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் விடுகிறார்கள், ஐந்து நிமிஷம்கூட இல்லை.

கோவாவின் 1976-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்தில் 1992-லும் 1996-லும் திருத்தம் செய்து இதற்கெல்லாம் வழிவிட்டார்கள். முதலில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் சூதாட்ட மெஷின், அப்புறம் கப்பலில் மேஜை ஆட்டம். 2020 முதல் கோவாக்காரர்கள் இந்த மேஜைகளில் உட்காரக் கூடாது என்று அந்த அரசே தடை போட்டிருக்கிறது. படகில் எங்களோடு வந்த ஒரு ஹூப்ளிக்காரர் இதைச் சொன்னபோது ராணிப்பேட்டையான் சிரித்தான். "சொந்த ஊர்க்காரனுக்குப் பரிமாறாத ஓட்டல்ல நம்மள சாப்பிடக் கூப்பிடறாங்கடா."

கவுண்டரில்தான் முதல் அடி. கேசினோவில் மேஜையில் ரூபாய் வைக்க முடியாது, அதற்குப் பதில் சிப் என்கிற பிளாஸ்டிக் வில்லைகளை வாங்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் சிப் வாங்கக் கொடுக்கும் தொகைக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி. எங்களிடம் அதைத் தனியாகப் பிடித்தார்கள். 5,000 ரூபாய் சிப் கையில் வர நான் 6,400 எண்ணி வைத்தேன். குடியாத்தத்தான் 20,000-க்கு 25,600. ஒரு சீட்டு புரளவில்லை, ஒரு சக்கரம் சுற்றவில்லை, அதற்குள் 5,600 போயாச்சு. ஜெயித்த சிப்பை மறுபடி வைத்து ஆடினால் அதற்குத் திரும்ப வரி கிடையாது. புதுசாக வாங்கினால்தான். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரி 40 சதவீதம் ஆகிவிட்டது. ஆகவே இப்போது போகிறவர்கள் இன்னும் பெரிய ஓட்டையோடுதான் ஆரம்பிக்கிறார்கள். வருமான வரி வேறு. நாங்கள் போனபோது இருந்த சட்டப்படி சூதாட்ட ஜெயிப்புக்குத் தட்டையாக 30 சதவீதம், அதில் தோற்ற காசைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஒரு நாள் 40,000 ஜெயித்து மறுநாள் 60,000 தோற்றாலும் அந்த 40,000-க்கு வரி உண்டு. இதை நான் காரிலேயே விளக்கினேன். "நீ வேலைய வீட்ல வெச்சிட்டு வந்துகீறியா இல்லையா?" என்று குடியாத்தத்தான் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே எப்படி இருந்தது என்று விலாவாரியாக எழுதப் போவதில்லை. குளிர், கம்பளம், மேடையில் பாட்டு, நடுநடுவே யாரோ ஜெயித்த கூச்சல். ராணிப்பேட்டையான் நேராகச் சாப்பாட்டுப் பக்கம் போய் மீன், ஆட்டுக்கறி, மூணு விதக் கேக் என்று தட்டை அடுக்கிக்கொண்டு மேடைக்கு எதிரே உட்கார்ந்தவன்தான். "மூவாயிரத்தையும் சாப்ட்டே தீர்த்துட்டுத்தான் எந்திரிப்பேன்" என்றான். பிறகு மேல்தளத்துக்குப் போய், ஆற்றங்கரையில் பனாஜி விளக்குகளைப் பார்த்தபடி நாற்காலியிலேயே தூங்கினான். அந்தக் கப்பலிலிருந்து கொடுத்த காசுக்கு முழு மதிப்பையும் வாங்கிக்கொண்டு இறங்கிய ஒரே ஆள் அவன்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆம்பூரான் ஒரு மேஜையைப் பார்த்ததும் குதித்தான். "டேய், இது நம்ம உள்ளே வெளியேடா!" அதேதான். அங்கே அந்தர் பாஹர் என்கிறார்கள். நடுவில் ஒரு சீட்டைத் திருப்பி வைத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சீட்டுப் போடுவார்கள். நடுச்சீட்டின் எண் எந்தப் பக்கம் முதலில் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிப்பு. எங்கள் தெருவில் ரெண்டு பக்கமும் சமம் என்று நினைத்து ஆடினோம். சமம் இல்லை. முதல் சீட்டு விழுகிற பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 51.5 சதவீத வாய்ப்பு. அதனால்தான் அந்த மேஜையில் அந்தப் பக்கம் ஜெயித்தால் நூறுக்கு தொண்ணூறுதான் கொடுத்தார்கள், மறுபக்கத்துக்கு முழு நூறு. கணக்குப் போட்டால் எந்தப் பக்கம் வைத்தாலும் நூறு ரூபாய்க்கு ரெண்டு, மூணு ரூபாய் வீட்டுக்காரனுக்கு, அதாவது ஆட்டம் நடத்துகிற கேசினோவுக்கு. தீபாவளி மாடியில் வீட்டுக்காரன் என்று எவனும் இல்லை. ஒருத்தன் விட்டதை இன்னொருத்தன் எடுப்பான், மறுநாள் அவனே எல்லோருக்கும் டிபன் வாங்கித் தருவான். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இதுதான் எல்லாமும். ஆம்பூரானுக்கு அன்றைக்குச் சீட்டு விழுந்தது. பதினொன்றரைக்குள் 10,000 வைத்தவன் கையில் 22,000 இருந்தது.

குடியாத்தத்தான் ரூலெட் மேஜையில். சுற்றுகிற சக்கரத்தில் உருளும் குண்டு எந்தக் குழியில் விழும் என்று கட்டுகிற ஆட்டம். அந்தச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை, மொத்தம் 37 குழி. சிவப்பு 18, கறுப்பு 18, பூஜ்யம் பச்சை. ஓர் எண்ணில் வைத்து விழுந்தால் 35 மடங்கு தருவார்கள், வைத்த காசும் திரும்பும். கேட்க அள்ளிக் கொடுப்பது போலிருக்கும். எல்லாக் குழியிலும் நூறு நூறாக வைத்துப் பாருங்கள். 3,700 வைத்தால் 3,600 திரும்பும். அந்த நூறு ரூபாய்தான் கப்பல், கம்பளம், பாட்டு, ராணிப்பேட்டையானின் மூணு விதக் கேக் எல்லாம்.

அவன் எண்ணில் வைக்கவில்லை. அவனிடம் ஒரு 'டெக்னிக்' இருந்தது. சூரத்தில் துணி எடுக்கப் போனபோது யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். கறுப்பில் 500 வை. தோற்றால் 1,000. மறுபடி தோற்றால் 2,000. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் என்றைக்காவது கறுப்பு வந்தே தீரும், வரும்போது விட்டதெல்லாம் திரும்பி 500 மிச்சம். அப்புறம் மறுபடி 500-இலிருந்து. "இதுல இன்னாடா தப்பு கீது? காட்டு பாக்கலாம்" என்றான். அப்போது என்னால் காட்ட முடியவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன். பதிமூணு தடவை வட்டம் முடிந்தது, 6,500 ஏறியது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, நாம்தான் முட்டாளோ என்று.

தப்பு எங்கே என்று ஊருக்கு வந்து நோட்டில் போட்டுப் பார்த்தேன். தொடர்ந்து ஆறு தடவை தோற்பது 55-இல் ஒரு தடவை நடக்கும். அப்படித் தோற்றால் போவது 31,500. மற்ற 54 தடவையும் ஜெயித்துச் சேர்ப்பது தலா 500, ஆக 27,000. அவ்வளவுதான் அந்த டெக்னிக். அதுவும் ஆறு தடவை இரட்டிக்கக் கையில் காசு இருந்தால்தான்.

பன்னிரண்டு மணி வாக்கில் சிவப்பு. சிவப்பு. சிவப்பு. நாலாவது பச்சைப் பூஜ்யம். பூஜ்யம் வந்தால் கறுப்புக்காரனுக்கும் இல்லை, சிவப்புக்காரனுக்கும் இல்லை. ஐந்தாவது சிவப்பு. 15,500 போய்விட்டது. கையில் 11,000, அடுத்து வைக்க வேண்டியது 16,000. மேஜையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினான்.

"அஞ்சு குடுடா."

கவுண்டரில் போய் வாங்கலாமே என்றேன். "அங்க போனா இருபத்தெட்டு பெர்சென்ட் புடிப்பான். உன்கிட்ட கீறது சும்மாதானே கீது?" வரியைப் பற்றி நான் காரில் எடுத்த பாடம் அவனுக்கு எப்படிப் பயன்பட்டிருக்கிறது பாருங்கள். கொடுத்தேன். கொடுக்க ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரூபாய் நோட்டாக இருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பேன். பிளாஸ்டிக் வில்லைகள், கேரம் காய் தள்ளுகிற மாதிரி தள்ளிவிட்டேன். சிவப்பு.

அடுத்தது 32,000 வைக்க வேண்டும். மேஜையில் சின்னப் பலகை, உச்சவரம்பு 20,000 என்று. இரட்டிப்புக்காரனைப் பிடிக்கத்தான் அந்தப் பலகை என்று அப்போது புரியவில்லை. அதற்குள் ஆம்பூரான் வந்து நின்றான். நடந்ததைக் கேட்டான். கையிலிருந்த சிப்பில் 20,000-ஐ அப்படியே தள்ளினான். "வைடா மச்சான்."

கறுப்பு.

நாங்கள் மூணு பேரும் கத்திய கத்தலில் மேல்தளத்தில் தூங்கினவன் எழுந்து வந்திருக்க வேண்டும். கையில் 40,000. எங்கள் ரெண்டு பேருக்கும் 25,000 கொடுத்திருந்தால் அவனுக்கு 15,000 மிச்சம், போட்ட சிப்பில் 5,000 மட்டும் நஷ்டம். ராத்திரி பன்னிரண்டரை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு மேலே போய்க் காற்று வாங்கியிருக்கலாம்.

அந்த நிமிஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். என் 5,000 என் கைக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. கேட்கக் கூச்சம். இப்போதுதான் ஜெயித்திருக்கிறான், உடனே கடன்காரன் மாதிரி நிற்பதா? அவனாகக் கொடுப்பான் என்று சும்மா இருந்தேன். ஆம்பூரானும் கேட்கவில்லை. கேட்காதது மட்டுமில்லை, "வந்துடுச்சுடா லைன், இப்ப எந்திரிக்காதே" என்றவன் அவன்தான். அவன் காசு அங்கே இருந்ததால் அவனும் ஆடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான் விஷயம். கைமாத்து கொடுத்தவன் தள்ளி நின்று புத்தி சொல்வான் என்று எதிர்பார்க்காதீர்கள். கொடுத்த அந்த நொடியே அவனுக்கும் மேஜையில் ஓர் இடம் போட்டுவிடுகிறார்கள். மேஜையில் சிப் ஜெயித்துத் திரும்பும்போதே கைமாத்தைக் கேட்டு வாங்கிப் பாக்கெட்டில் போடுங்கள். கூச்சம் அந்த நேரத்தோடு போகும். இது ஐந்தாயிரம் கொடுத்து நான் வாங்கிய புத்தி. இல்லை, வரியோடு சேர்த்து ஆறாயிரத்து நானூறு.

மூன்றரை மணிக்கு ஒன்றும் இல்லை. எப்படிப் போனது என்று வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஆயிரம், ரெண்டாயிரம், கோபத்தில் ஐந்தாயிரம். டெக்னிக் எல்லாம் எப்போதோ விட்டுவிட்டான்.

மறுநாள் பழைய கோவா போனோம். பாம் ஜீசஸ் பெருங்கோயில், 1605-இல் கட்டி முடித்தது. பிரான்சிஸ் சேவியரின் உடல் இருக்கிற இடம். குடியாத்தத்தான் உள்ளே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். வெளியே வந்து, "காத்து நல்லா வருது" என்றான். அவ்வளவுதான் அன்றைக்கு அவன் பேசியது. திரும்பும்போது ராணிப்பேட்டையான் காரில் ஒரு பாட்டில்கூட ஏற்றவிடவில்லை. விலை குறைவுதான், ஆனால் மாநிலம் தாண்டி எடுத்து வந்து செக்போஸ்டில் மாட்டினால் வண்டியும் போகும், வழக்கும் வரும். லாரிக்காரன் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு வந்தபின் என் நோட்டில் செலவைப் பிரித்துப் போட்டு அனுப்பினேன். டீசல், டோல், ரூம், நுழைவு எல்லாம் சுத்தமாக வந்துவிட்டது. கைமாத்தை மட்டும் அந்தப் பட்டியலில் எழுதவில்லை. அது அவர்கள் ரெண்டு பேருக்குள், எனக்கும் அவனுக்கும் நடுவில் என்று விட்டேன். தப்பு. எழுதியிருக்க வேண்டும்.

மாசம் 2,000 என்று குடியாத்தத்தானிடமிருந்து ஆம்பூரானுக்கு நாலு மாசம் ஜிபே வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. லுங்கி வியாபாரம் அந்த வருஷம் மந்தம், எல்லோருக்கும் தெரியும். ஆம்பூரான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் நல்ல நாளுக்கு ஒரு வாழ்த்துப் படம், அதற்கு ஒரு கட்டைவிரல். இருபது வருஷமாக வாரத்துக்கு ஒரு தடவையாவது வேலூர் கோட்டை வெளியில் சந்தித்துக்கொண்டிருந்தவர்கள். காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. இதில் இன்னொரு சிக்கல், ஆம்பூரான் வீட்டில் அந்த 20,000 பற்றி மூச்சுவிடவில்லை. கோவாவில் சூதாடி ஜெயித்தேன், இருபதாயிரம் கொடுத்தேன் என்று எந்தப் பெண்டாட்டியிடம் சொல்வது?

2025 மே மாசம் ஆம்பூரான் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. குடியாத்தத்தான் வர மாட்டான் என்று நினைத்தோம். பந்தி முடிகிற நேரத்துக்கு வந்தான். வெள்ளை வேட்டி, கையில் கவர். யாரிடமும் பேசாமல் மொய் எழுதுகிற மேஜைக்குப் போய்க் கவரைக் கொடுத்தான். மொய் எழுதியவர் ஆம்பூரானின் மச்சான். கவரைப் பிரித்து எண்ணிவிட்டு நிமிர்ந்து பார்த்து, ஒரு தடவை மறுபடி எண்ணினார். பன்னிரண்டாயிரம். மைக்கில் வேறு படித்துவிட்டார்கள். ஆம்பூரான் பெண்டாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணனுக்கு எவ்ளோ மனசு பாருங்க" என்று அவனைக் கையைப் பிடித்து மறுபந்தியில் உட்கார வைத்து, கறிக்குழம்பைத் தானே ஊற்றினார்.

பாக்கி மிகச் சரியாகப் பன்னிரண்டாயிரம்தான். கடனைத் திருப்பிக் கொடுத்தானா, மொய் வைத்தானா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். இலையைப் பார்த்தபடி, "ரெண்டும்தான்னு வெச்சிக்கோயேன்" என்றான். என் ஐந்தாயிரத்தைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மொய் நோட்டில் அவன் பெயருக்கு நேரே 12,000 என்று இருக்கிறது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வந்த மொய்க்குக் குறையாமல் திருப்பி வைக்க வேண்டும், கூட வைத்தால் கௌரவம். போன வாரம் குடியாத்தத்திலிருந்து பத்திரிகை வந்தது, தை மாசம் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்றைக்கு ராத்திரியே ஆம்பூரான் எனக்குப் போன் போட்டான். அவன் பெண்டாட்டி மொய் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பதினஞ்சாகவே வைத்துவிடலாம் என்கிறாராம்.

"நீ கணக்கெழுதறவன்தானே, இத இன்னா கணக்குல எழுதறது, சொல்லு" என்றான்.